திரும்பி வரும் குழாய்

இரண்டு வாரமாகவே அந்த வேனுக்குள் பெட்ரோல் வாடை. முதலில் மூக்கைச் சுளித்தவர் கடிகாரக்காரர்தான். பஸ் நிலையத்துக்கு எதிரே கைக்கடிகாரம் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தப்படுத்தும் மெஷினோடு கட்டுண்டு கிடப்பதே அவருக்கு வேலையாகிவிட்டது.

"என்னய்யா, நம்மள ஆஸ்பத்திரிக்குத்தானே கூட்டிட்டுப் போறீங்க? இல்ல, நேரா கொளுத்தவே கொண்டுபோறீங்களா?" என்று கேட்டார்.

வேனில் இருந்த ஆறு நோயாளிகளும் சிரித்தார்கள். வேன்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "பழைய வண்டின்னா நாலு வாடை அடிக்கத்தான் செய்யும்" என்றார்.

வேன்காரருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பேச்சு அளந்து வரும், கோபம் அளக்காமல் வரும். பதினொரு வருஷமாக அந்த வேன் அவர் கையில். அதற்கு இரண்டு பெட்ரோல் டேங்க். ஒன்று முன்னால், டிரைவர் சீட்டுக்குக் கீழே. இன்னொன்று பின்சக்கரங்களுக்கு அப்பால். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சுவிட்ச். மேலே தள்ளினால் எஞ்சின் முன் டேங்கில் குடிக்கும், கீழே தள்ளினால் பின் டேங்கில். முன் டேங்கின் அளவு காட்டும் முள் செத்து மூன்று வருஷம். டேங்க் ததும்பினாலும் வறண்டாலும் அது கால் பாகத்திலேயே நிற்கும். பின் டேங்கின் முள் மட்டும்தான் உண்மை பேசும். ஆனால் வேன்காரருக்கு முள்ளே தேவையில்லை, எத்தனை தூரம் ஓடியது, எத்தனை லிட்டர் போட்டது என்பதெல்லாம் மனக்கணக்கு. அவர் ஓட்டுவது எப்போதும் முன் டேங்கில். பின் டேங்க், ஆத்திர அவசரத்துக்கு என்று வைத்திருப்பது.

திங்கள், புதன், வெள்ளி அவர் ஓட்டுவார். செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் வேறு ஆறு நோயாளிகள். அவர்களை அழைத்துப் போவது அவர் மச்சினன், மனைவியின் தம்பி. தம்பி நேர் எதிர். முள் தெரியாமல் அவனால் ஒரு தெருகூட ஓட்ட முடியாது. "உசுர ஏத்திட்டுப் போறோம் மாமா. உங்கள மாதிரி மனசுக்குள்ளயே கணக்குப் போட்டு ஓட்ட எனக்கு வராது" என்று சொல்லி, பின் டேங்கில்தான் ஓட்டுவான். குறைந்ததைச் சனிக்கிழமை சாயங்காலம் நிரப்பிவிட்டு வண்டியை ஒப்படைப்பான்.

அவனுக்கு ஒரு பழைய கதை உண்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் குடியில் விழுந்துகிடந்த காலத்தில், இதே வேனின் ஸ்டெப்னியைக் கழற்றி விற்றுவிட்டான். வழியில் டயர் வெடித்தபோதுதான் அது தெரிந்தது. பிறகு அழுது, ஆறு மாதம் எங்கேயோ போய்க் கிடந்து, தெளிந்து திரும்பினான். குடியை விட்டு இரண்டு வருஷம் முழுசாக முடிந்திருந்தது. அவனை நம்பி வண்டிச் சாவியைக் கொடுக்கச் சொன்னவள் அவன் அக்காதான்.

அக்காவை நோயாளிகள் 'உப்பக்கா' என்று கூப்பிட்டார்கள். உப்பே போடாமல் சமைப்பதால் வந்த பெயர். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் பன்னிரண்டு பேருக்கும் சாப்பாடு அவள் அடுப்பிலிருந்துதான் போகும். விடிவதற்குள் உருளைக்கிழங்கைச் சின்னச் சின்னதாக நறுக்கி, சிறுநீரக நோயாளிக்கு ஆகாத சத்து இறங்க இரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறப்போடுவாள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவைப்பாள். முட்டையில் வெள்ளை மட்டும். எலுமிச்சையும் மிளகும்தான் நாக்கை ஏமாற்ற. "இத வாயில வச்சா என் முன்ஜென்மப் பாவமெல்லாம் ஞாபகம் வருது உப்பக்கா" என்பாள் மூணாம் நம்பர் அம்மா. மூணாம் நம்பர் மெஷினில் படுப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். சொல்லிக்கொண்டே டப்பாவை வழித்துச் சாப்பிட்டுவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டு டெய்லர் வேன்காரரிடம் வந்தார். "சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன்" என்று தொடங்கினார். சொல்லக்கூடாது என்று இருப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள். "உங்க மச்சினனை ரெண்டு மூணு தடவை பாத்துட்டேன். விடிஞ்சும் விடியாம உங்க வேன் பின்னாடி குனிஞ்சு நிக்கறான். கையில கேன், ஒரு டியூப். எனக்கென்ன வந்துச்சு, உங்க காதுல போட்டு வச்சேன்."

வேன்காரர் மனைவியிடம் அதைச் சொல்லவில்லை. அன்று முழுக்கச் சாப்பாட்டில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை மேம்பாலத்தில் ஏறும்போது வேன் இரண்டு குலுக்கல் குலுக்கி நின்றுபோனது. முன் டேங்க் தீர்ந்துவிட்டது, எங்கோ கணக்குப் பிசகிவிட்டது என்று நினைத்த வேன்காரர் சுவிட்சைக் கீழே தள்ளினார். பின் டேங்கின் முள் தரையில் கிடந்தது. சாவியைத் திருகினார், திருகினார். எஞ்சின் இருமியதே தவிர எழுந்திருக்கவில்லை. வெயில் கண்ணாடி வழியாக உள்ளே இறங்கியது. இரண்டு நாளாகச் சேர்ந்த நீர் உடம்பில் கனக்க உட்கார்ந்திருந்த மூணாம் நம்பர் அம்மாவுக்கு மூச்சு இளைக்க ஆரம்பித்தது. கடிகாரக்காரர் தன் மடியில் இருந்த செய்தித்தாளால் அவளுக்கு விசிறினார். யாரும் ஜோக் அடிக்கவில்லை.

வேன்காரர் மச்சினனுக்குப் போன் செய்தார். பத்தே நிமிடத்தில் அவன் பைக்கில் வந்து சேர்ந்தான், கையில் ஐந்து லிட்டர் கேன். கேனின் கழுத்தில் ஒரு டியூப் சுற்றிக் கட்டியிருந்தது.

வேன்காரர் கேனைப் பார்த்தார். டியூப்பைப் பார்த்தார்.

"இவ்ளோ சீக்கிரம் பெட்ரோல் எங்கடா கிடைச்சுது?"

"வீட்ல இருந்துச்சு மாமா."

"வீட்ல இருந்துச்சா! என் டேங்க்ல இருக்க வேண்டியது உன் வீட்ல இருந்துச்சா? அன்னிக்கு ஸ்டெப்னி, இன்னிக்குப் பெட்ரோலா? இந்த ஆறு பேருல ஒருத்தர் உசுரு போயிருந்தா நீ பதில் சொல்லுவியாடா? திருட்டுப் பய!"

வேனின் கதவு திறந்திருந்தது. ஆறு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.  தம்பி கேனை ரோட்டில் மெதுவாக வைத்தான். மூணாம் நம்பர் அம்மாவை ஒரு தடவை பார்த்தான். பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அந்த ஐந்து லிட்டரைப் பின் டேங்கில் ஊற்றித்தான் வண்டி கிளம்பியது. ஒரு மணி நேரம் தாமதம். மூணாம் நம்பர் அம்மா பிழைத்துக்கொண்டாள். மெஷினில் ஏறி அரை மணியில் மூச்சு சீரானதும் "எனக்கு இன்னிக்கு எலுமிச்சம்பழம் ரெண்டா வேணும்" என்று அதிகாரம் பண்ணினாளாம்.

சாயங்காலம் வேன்காரர் வீட்டுக்கு வந்தபோது செருப்பில் பெட்ரோல் வாடை. நடந்ததையும் டெய்லர் சொன்னதையும் ஒரே மூச்சில் மனைவியிடம் கொட்டினார். அவள் மறுநாளுக்கான காய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள், கை நிற்கவில்லை. தண்ணீர் மட்டும் பாத்திரத்தை மீறி ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாத்துக்கும் மேல, அந்தப் பெட்ரோல் பங்க் பொண்ணு. பின் டேங்க நிரப்பிட்டு முன் டேங்க்குக்கும் பத்து லிட்டர் போடச் சொன்னா, மூணு லிட்டர்லயே வழிய விட்டுட்டா. செருப்பெல்லாம் நனைஞ்சுபோச்சு. போன வாரமும் இதே கதை. குழாய் பிடிக்கத் தெரியாதவளுக்கெல்லாம் யாரு வேலை கொடுக்கறா?"

உப்பக்கா குழாயை மூடினாள்.

"காலையில முன் டேங்க் தீர்ந்துதானே வண்டி நின்னுச்சு?"

"ஆமா."

"தீர்ந்துபோன டேங்க் மூணு லிட்டர்ல எப்படிங்க வழியும்?"

"காத்து அடைச்சிருக்கும்."

"காலிப் பானைன்னா குடம் குடமா வாங்கும். ஒரு செம்பு ஊத்தினதுமே வழிஞ்சா அது காலிப் பானையே இல்ல. இதுக்குப் படிப்பா வேணும்?"

"தம்பிக்கு வக்காலத்து வாங்காத."

"தம்பிய விடுங்க. நான் பானையப் பத்திப் பேசறேன்."

வேன்காரர் எழுந்தார். வேன் நின்ற பக்கம் போய் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

செவ்வாய்க்கிழமை தம்பி வரவில்லை. வேன்காரரே அவனுடைய ஆறு பேரையும் பின் டேங்கில் ஓட்டிக்கொண்டு போய் இறக்கினார். சாப்பாட்டுக் கூடையோடு உப்பக்காவும் கூடவே போனாள். நோயாளிகள் மெஷினில் படுத்ததும் நாலு மணி நேரம் கிடைக்கும். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. ஆம்புலன்ஸ்களைப் பழுதுபார்த்தே பேர் வாங்கிய ஒரு பெண் அங்கே மெக்கானிக். நாற்பது வயதிருக்கும். தலையில் துண்டு, கை முழங்கை வரை கறுப்பு. வண்டியைப் பற்றிப் பேசும்போது வைத்தியரைப் போலத்தான் பேசுவாள்.

"எங்க வலிக்குதுன்னு வண்டி சொல்லும். நீங்க குறுக்க பேசாதீங்க" என்று வேன்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள். உப்பக்காவைச் சாவி திருகச் சொல்லிவிட்டு, வேனுக்குக் கீழே மல்லாந்து படுத்தாள். "எஞ்சின் வேணாம் அக்கா. பாதி திருகினாப் போதும். முதல்ல பின் டேங்க்."

சுவிட்ச் கீழே. பின்னால் எங்கோ 'ங்ங்ங்' என்று ஒரு வண்டு இரண்டு நொடி பாடி நின்றது.

"நல்லாருக்கு. இப்ப முன் டேங்க்."

சுவிட்ச் மேலே. ஒன்றும் கேட்கவில்லை. உப்பக்கா மறுபடி திருகினாள். அமைதி. மெக்கானிக் கீழிருந்து ரப்பர் சுத்தியலால் டேங்கின் அடியில் இரண்டு தட்டுத் தட்டினாள். வண்டு தூக்கத்தில் எழுந்ததுபோல் ஒரு தடவை முனகி, அடங்கிவிட்டது.

"பெட்ரோல மேல தள்ளற மோட்டார் ஒண்ணு டேங்குக்குள்ளயே இருக்கும். உங்க முன் டேங்க் மோட்டார் மண்டையப் போட்டிருச்சு" என்றபடி அவள் வெளியே வந்தாள். "தட்டிப் பாத்தேன், டேங்க் கழுத்து வரைக்கும் பெட்ரோல் நிக்குது. நேத்து வண்டி நின்னது பெட்ரோல் இல்லாம இல்லங்க. நிறைய இருந்தும் அத அனுப்ப ஆள் இல்லாம. டேங்க் இப்படித் ததும்பினா வளைவுல மூடி வழியா கசியும். வாடை வந்திருக்குமே?"

"வந்துச்சு" என்றாள் உப்பக்கா.

வேன்காரர் விடவில்லை. "சரி, அது முன் டேங்க். பின் டேங்க் காலியா இருந்துச்சே? அவன் ஓட்டற நாள்லதான் அது குறையும். அதுக்கு என்ன சொல்ற?"

மெக்கானிக் துண்டால் முகத்தைத் துடைத்தாள். "எஞ்சினுக்கு எப்பவும் தேவைக்கு மேலதான் பெட்ரோல் போகும். அது குடிச்சது போக மிச்சம் இன்னொரு குழாய்ல திரும்பி வரும். எந்த டேங்க்ல இருந்து போச்சோ, அதே டேங்குக்கு வரணும். அதப் பாத்துப் பிரிச்சு விடறதுக்கு ஒரு வால்வு இருக்கு."

"மெஷின்ல ரத்தம் வெளிய போய் உள்ள திரும்பி வர்ற மாதிரியா?" என்றாள் உப்பக்கா.

"அதேதான் அக்கா. ஒருத்தர் ரத்தம் பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் திரும்பிச்சுன்னா எப்படி இருக்கும்? அந்த வால்வு சிக்கியிருந்தா அதுதான் நடக்கும். பின்னாடியிருந்து எடுத்து முன்னாடி கொட்டும். ஒண்ணு, வால்வு எடுத்திருக்கணும். இல்ல, மனுஷன் எடுத்திருக்கணும். அஞ்சு நிமிஷம், தெரிஞ்சிரும்."

உப்பக்கா இந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான் ராத்திரி முழுக்கக் காத்திருந்தாள். ஆனால் இப்போது அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"இன்னிக்கே பாக்கணுமா?"

மெக்கானிக் அவளை நிமிர்ந்து பார்த்தாள். வேன்காரரும் பார்த்தார். அந்தக் கேள்வியில் அவள் மனசு அப்பட்டமாகக் கிடந்தது. கேட்ட கணமே அவளுக்கு வெட்கமாக இருந்தது. தம்பிக்காகப் புருஷனோடு மல்லுக்கட்டியவள், தானே அவனை முழுசாக நம்பவில்லை என்பது அந்தத் தகரக் கொட்டகையில்தான் அவளுக்கே தெரிந்தது.

"பாரும்மா" என்றாள், குரலை அடக்கி.

மணல் வாளி ஒன்றைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, மெக்கானிக் முன் டேங்குக்குத் திரும்பிவரும் குழாயைக் கழற்றி, அதன் வாயை ஒரு வெள்ளைக் கண்ணாடி ஜாடிக்குள் விட்டாள். "பின் டேங்க்ல போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. வால்வு ஒழுங்கா இருந்தா இதுல ஒரு சொட்டுகூட விழக்கூடாது."

வேன்காரர் ஏறி சுவிட்சைக் கீழே தள்ளினார். எஞ்சின் பிடித்தது.

ஜாடி காலியாக இருந்தது. உப்பக்கா அதன் அடியையே பார்த்தாள். ஒரு நொடி, இரண்டு நொடி. குழாய் ஒரு தடவை துப்பியது, காற்று. மறுபடி துப்பியது. பிறகு விரல் தடிமனுக்குப் பெட்ரோல் பீறிட்டு ஜாடியில் விழுந்தது. கால், அரை, முக்கால். நுரை வாய்க்கு ஏறுமுன் மெக்கானிக் "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கத்தினாள்.

உப்பக்கா அங்கேயே சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

வேன்காரர் இறங்கி வந்து ஜாடியைப் பார்த்தார். அடுக்கியிருந்த பழைய டயர்கள் மேல் உட்கார்ந்தார். "நான் முன் டேங்க்ல ஓட்டுவேன்..." என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

"நீங்க ஓட்டினா முன்னாடி எடுத்து முன்னாடியே கொட்டும். உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. அவர் ஓட்டினாத்தான் குறையும்" என்றாள் மெக்கானிக்.

"அப்ப அந்தக் கேன்? டெய்லர் பாத்த டியூப்?"

"கேனுக்கு என்கிட்ட மருந்து இல்லங்க. அத கேன்காரர்கிட்டதான் கேக்கணும். டேங்க இறக்கி மோட்டார், வால்வு ரெண்டையும் மாத்த எனக்கு ரெண்டரை மணி நேரம் வேணும். ஒரு ஆள் கீழ இருந்து தாங்கிப் பிடிக்கணும். நீங்க இருங்க."

தம்பி தங்கியிருந்தது சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை. உப்பக்கா படியேறியபோது கதவு திறந்தே இருந்தது. அவன் துணிகளை ஒரு பையில் அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் கட்டிலில் உட்கார்ந்து, ஜாடியில் பார்த்ததைச் சொன்னாள். அவன் மடித்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"முன் டேங்குக்கா போச்சு!" என்றான். அவனுக்கு முதலில் வந்தது வியப்புதான். "நான் ரோட்ட ரோட்டப் பாத்தேன்க்கா, எங்கயாவது ஒழுகுதான்னு."

"அந்தக் கேன் எதுக்குடா?"

"ஊத்தறதுக்கு."

"எதுக்குள்ள?"

"பின் டேங்குக்குள்ள. நூறு கிலோமீட்டர் ஓட வேண்டியது அம்பதுலயே முள்ளு இறங்குது. பாத்தா நான் எடுத்த மாதிரியே இருக்கு. சனிக்கிழமை சனிக்கிழமை நிரப்பறது போதல. அதான் நடுவுல கேன்ல வாங்கிட்டு வந்து, விடியறதுக்குள்ள டியூப் வச்சு ஊத்திருவேன். போன சனிக்கிழமை நிரப்பக் காசு பத்தல, திங்கட்கிழமை விடியறதுக்குள்ள ஊத்திரலாம்னு கேன்ல வாங்கித்தான் வச்சிருந்தேன். மாமா அன்னிக்குக் கொஞ்சம் முன்னாடியே வண்டிய எடுத்துட்டாரு."

"இத ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாடா?"

அவன் சட்டையைப் பைக்குள் வைத்தான். "ஸ்டெப்னிய வித்தவன் வந்து, பெட்ரோல் தன்னால குறையுதுன்னு சொன்னா நீ நம்பியிருப்பியாக்கா?"

கீழே யாரோ சைக்கிள் டியூப்புக்குக் காற்றடிக்கும் சத்தம். நம்பியிருப்பேன் என்று சொல்ல அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"நம்பியிருக்க மாட்டேன்" என்றாள். "ஜாடியில பெட்ரோல் விழற வரைக்கும் நீதான் எடுத்திருப்பியோன்னு நினைச்சுட்டுத்தான் இருந்தேன்."

 அவன் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். அது வரவில்லை. நாலு வருஷத்தில் யாரும் அவனிடம் இவ்வளவு நேராகப் பேசியதில்லை போலும். அவன் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இனிமே நம்புவியா?"

"இனிமே கேப்பேன். சந்தேகம் வந்தா உன் மூஞ்சியப் பாத்தே கேப்பேன். நீயும் வாயத் திறந்து சொல்லணும்."

"அது போதும்."

"மாமா அங்க வண்டிக்குக் கீழ மெக்கானிக்கோட டேங்கத் தாங்கிட்டுப் படுத்திருக்காரு. சாயங்காலம் வந்து உன்கிட்ட..."

"இங்க வந்து சொல்ல வேண்டாம்க்கா" என்றான் அவன் அவசரமாக. "அவர் ஆறு பேர் முன்னாடி என்னைத் திருடன்னு சொன்னாரு. அந்த அம்மா மூச்சு வாங்கிட்டே என்னைப் பாத்துச்சு. அந்த ஆறு பேர் முன்னாடியே சொல்லட்டும். இல்லேன்னா இந்தப் பையோட நான் கிளம்பிருவேன்."

உப்பக்கா அன்று மாலை அதை அப்படியே புருஷனிடம் சொன்னாள். அவர் கையில் ஒட்டிய கரியை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். "பங்க் பொண்ணுக்கும் ஒண்ணு சொல்லணும்" என்றார் கடைசியில்.

புதன்கிழமை காலை வேன்காரர் வீட்டுத் தெருமுனையில் தம்பி நின்றிருந்தான். ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு வந்த வேன் அவன் அருகே நின்றது. வேன்காரர் இறங்கிப் பக்கக் கதவைத் திறந்தார். உள்ளே பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"அதாவது, இந்த வண்டியில ரெண்டு டேங்க். மிச்சப் பெட்ரோல் திரும்பி வர்றதுக்கு ஒரு வால்வு. அந்த வால்வு என்ன பண்ணிருக்குன்னா..."

"வால்வு கதைய மெஷின்ல படுத்துட்டுக் கேக்கறோம். விஷயத்துக்கு வாங்க" என்றார் கடிகாரக்காரர்.

வேன்காரர் தம்பியின் தோளில் கை வைக்கப் போனார், வைக்காமல் எடுத்துக்கொண்டார். "இவன் திருடல. குறைஞ்ச பெட்ரோல இவன் சொந்தமா வாங்கி ஊத்திருக்கான். உங்க முன்னாடி நான்தான் தப்பாப் பேசிட்டேன். மன்னிச்சுக்க மாப்ள."



"எனக்குச் சரியாக் கேக்கல" என்றாள் மூணாம் நம்பர் அம்மா. "அன்னிக்குச் சத்தமாச் சொன்னீங்க. அதே சத்தத்துல சொல்லுங்க."

அவர் சொன்னார், தெருவே திரும்பிப் பார்க்கும்படி. எதிர்வீட்டு டெய்லர்கூட வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அவசர வேலை வந்ததுபோல் உள்ளே போய்விட்டார்.  தம்பி குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையை நீட்டினான். வேன்காரர் சாவியைக் கொடுத்தார்.

"ஏறுங்க மாமா, நேரமாகுது" என்றான் தம்பி.

பதினொரு வருஷத்தில் அந்த வேனில் அவர் பின்னால் உட்கார்ந்ததே இல்லை. எந்த இருக்கை என்று தெரியாமல் குனிந்தபடி நின்றார். மூணாம் நம்பர் அம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள். "பெல்ட்ட இப்படி இழுத்து மாட்டணும், ஜன்னல் பக்கத்துக் கைப்பிடியப் பிடிச்சுக்கணும்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். வேன் மேம்பாலத்தில் ஏறியது. வழக்கமாக அந்த ஏற்றத்தில் சாலையை மட்டுமே பார்த்துப் பழகியவர், இடப்பக்கம் ஆறு ஒன்று இவ்வளவு அகலமாக ஓடுவதை அன்றுதான் பார்த்தார்.